தாடையில் ஒரு சுண்டுவிரல்

"அந்தப் பக்கத்தையும் வழிச்சுட்டு வாங்கன்னுதான சொல்றேன், நான் என்ன கழுத்தையா—"

"வழிக்க மாட்டேன்னு சொன்னா வழிக்க—"

"—அறுத்துக் குடுக்கச் சொன்னேன்? நாளைக்குக் கல்லறைத் திருநாளு. ஊரே அங்கன நிக்கும். பாதி மூஞ்சி மொழுமொழுன்னு, பாதி மூஞ்சிக்கு முடி. பிள்ளை கல்லறையில இந்தக் கோலத்துலயா மெழுகுதிரி பொருத்தப் போறீக?"

"மெழுகுதிரியக் கையாலதான் பொருத்துவாக. மூஞ்சியால இல்ல."

"கையாலயா? எந்தக் கையால?"

சொல்லி முடித்த பிறகுதான் ஜெயமேரியின் காதில் அது விழுந்தது. ஞானதுரை முழங்கைக்கு மேலேயே முடிந்துபோன வலது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர் போல அவசரமாக வாசலில் இறங்கினார். அந்த வீட்டில் மாடு கிடையாது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். கோடையில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போன டிரெய்லர், வாய்க்கால் கரை சரிந்து கவிழ்ந்தது. பெட்டிகளுக்கு மேலே அப்பாவோடு உட்கார்ந்து வந்தவள் பெனிஷா. ஒன்றாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அவள் அங்கேயே போய்விட்டாள். அவளைப் பிடித்திருந்த கையை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

அதிலிருந்து ஞானதுரையின் முகம் ராயப்பன்பட்டிக்கு வேடிக்கையாகிவிட்டது. இடது கன்னத்தை வாராவாரம் வழித்துக்கொள்வார். வலது கன்னத்துத் தாடி மட்டும் கழுத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் "அரைத்தாடி" என்று கத்திவிட்டு ஓடின. பெரியவர்கள் கத்தவில்லை. பார்த்தார்கள். ஜெயமேரிக்கு அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை.

அவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நேரே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அம்மாவாசியின் சலூனுக்குப் போனாள்.

"ஏம்ப்பா அம்மாவாசி, ஒரு ஆள உக்கார வச்சுப் பாதி மூஞ்சியோட எந்திரிச்சுப் போகச் சொல்றியே, உன் கத்திக்கு அம்புட்டுத்தான் தெம்பா?"

"அக்கா, என்னை ஏசாதீக. ஆஸ்பத்திரியில இருந்து வந்த முத தடவை நான் முழுசா வழிக்கத்தான் போனேன். இடது பக்கம் முடிச்சேன். அண்ணன் சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தாக. வலது தாடையில சோப்பு நுரைய வச்சேன். பேச்சு நின்னுபோச்சு."

"நின்னா?"

"'யாருலே என் கையில தண்ணி ஊத்துறது?'ன்னு கேட்டாக. நான் எங்கக்கா கையில ஊத்தினேன்? ஊத்துறதுக்குக் கை எங்கன இருக்கு? சரி, வெயில்ல வந்திருக்காகன்னு நினைச்சுக் கத்திய வச்சுட்டேன். 'எடுலே, எடுலே, பிள்ளை விரலு இருக்கு'ன்னு ஒரே சத்தம். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவுக பூராம் எந்திரிச்சு நின்னுட்டாக. அன்னையில இருந்து நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. படிகாரங்கூட வைக்கிறதில்ல."

"இத்தனை நாளா என்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மாவாசி துடைத்த கத்தியையே திரும்பத் துடைத்தான்.

"எப்படிக்கா சொல்லுவேன்? உங்களுக்கும் அது பிள்ளைதான?"

ஞானதுரை தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருந்தார். பந்தல் அவர் தலையில் இடித்ததால் குனிந்தே நின்றிருந்தார். ஜெயமேரி வந்ததும் எதிரில் நின்றாள்.

"யாரு விரலு?"

"அம்மாவாசி சொல்லிட்டானாக்கும்."

"யாரு விரலுன்னு கேட்டேன்."

அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்து, தாடிக்குள் நுழைத்து, வலது தாடை எலும்பின் ஓரத்தில் வைத்தார்.

"இங்கன தொடு. தொட்டியா? இது சுண்டுவிரல்."

"எது?"

"போன கையோட சுண்டுவிரல். நீ தாடையத் தொடுற. எனக்குத் தாடையிலயும் தெரியுது, சுண்டுவிரல்லயும் தெரியுது. இப்பக் கன்ன எலும்புல தொடு. அது கட்டைவிரல். மீசை ஓரத்துல தொடு. ஆள்காட்டி. ஒண்ணும் தப்பாது. நான் தினம் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"சரி. பிள்ளை விரலுன்னு அவன்கிட்டச் சொன்னது?"

ஞானதுரை இடது கையால் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைப் பூசையில சாமியார் பிரசங்கத்த நீட்டுனா அவ என்ன செய்வா தெரியுமா? என் சுண்டுவிரலப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குவா. 'இன்னும் எம்புட்டு நேரம்ப்பா'ன்னு அர்த்தம். நான் திருப்பி ஒரு அமுக்கு. 'இந்தா முடிஞ்சிருச்சு'ன்னு."

"எனக்குத் தெரியாதே."

"நீ பொம்பளைக பக்கம் உக்காந்திருப்ப. உனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்தாச்சும் சொல்லிருக்கலாம்ல ரெண்டு பேரும்."

"இதையெல்லாம் யாராச்சும் சொல்லுவாகளா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வண்டிக்கு அடியில கெடந்தப்ப ரெண்டு பேரு கையும் பெட்டிக்குக் கீழ. அவ மூஞ்சி எனக்குத் தெரியல. சத்தமும் இல்ல. சுண்டுவிரல அமுக்கினா. நான் அமுக்கினேன். திருப்பி அமுக்கினா. நான் அமுக்கினேன். அப்புறம் நான் மட்டும் அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

ஜெயமேரி தாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அந்தப் பிடி இன்னும் இருக்கு மேரி. கைய மூடிக்கிட்டு இருக்கேன். தொறக்க முடியல. சில நேரம் என் நகமே என் உள்ளங்கையில குத்தி உசுரு போகுது. ஆனா உள்ள அவ இருக்கா. தாடையில எவன் கை வச்சாலும் தூங்குற பிள்ளைய எழுப்புற மாதிரி இருக்கு. அதான் வழிக்கல."

மறுநாள் அவர் அரைத்தாடியோடுதான் கல்லறைக்கு வந்தார். ஜெயமேரியும் கூட நடந்தாள். சுண்ணாம்பு அடித்திருந்த சின்னக் கல்லறைக்கு மேலே அவள் சாமந்தியைப் பரப்பினாள். அவர் இடது கையால் மெழுகுதிரி பொருத்தக் குனிந்தவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். இல்லாத கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பதுபோல் தோள் சுருண்டது. பல்லைக் கடித்தார். அனுமந்தன்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காள் சுகிர்தம்தான் ஓடிவந்து தாங்கினாள்.

"ஏலே துரை, குத்துதாலே? நான் போன மாசமே சொன்னேன். யாரு கேட்டாக?"

"மதினி, இங்கன வச்சு வேணாம்."

"இங்கன வச்சுத்தான் சொல்லணும். இங்கனதான இருக்கு அது."

சுகிர்தம் சொன்னது கையைத்தான். ஆஸ்பத்திரியில் எடுத்த கையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் பிள்ளை அடக்கம். கையைத் தனியாக மதிலோரம் புதைத்துவிடலாம் என்றுதான் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னார். ஜெயமேரிதான் விடவில்லை. 'இவ தனியா எதிர்த்த கடைக்குக்கூடப் போனதில்ல. அவுக அப்பா கையப் பிடிச்சுக்கிட்டே போகட்டும்' என்றாள். சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். துணியைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினார்கள். உள்ளே அந்தக் கை மூடியபடி இருந்தது. அதை விரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

"மூடின கைய மூடினபடியே வச்சாச்சு," என்றாள் சுகிர்தம். "அது உள்ள கெடந்து இறுக்குது, இவனுக்கு இங்கன குத்துது. பெட்டிய எடுத்து விரல நீட்டி வச்சுட்டா எல்லாம் சரியாப்போகும். எங்க மாமனாரு ஊர்ல ஒருத்தருக்குக் காலு அப்படித்தான் சரியாச்சு."

"என் பிள்ளை பெட்டிய எவ தொறக்குறான்னு நானும் பாக்கேன்."

"பெறகு என் தம்பி இப்படியே துடிக்கட்டுங்கிறியா?"

"மதினி, உள்ள இருக்கது உங்க தம்பி கை மட்டும் இல்ல."

"ஏ துரை, நீ சொல்லுலே. உன் கைதான?"

ஞானதுரை முழங்காலில் இருந்தபடியே கல்லறையின் சுண்ணாம்பை இடது உள்ளங்கையால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"மெதுவாத் தொறந்தா..." என்றார்.

ஜெயமேரி அவர் முகத்தைப் பார்த்தாள். வலிக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. பிள்ளையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவள் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரிங்க. மதுரையில நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காராம். போவோம். அங்கன போயும் குத்துச்சுன்னா, நானே மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாறேன்."

மதுரையில் டாக்டர் வைகுண்டராஜ் எக்ஸ்ரே எதுவும் கேட்கவில்லை. ஞானதுரையின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சை நனைத்து வலது கன்னத்தைத் தொட்டார்.

"எங்க தெரியுது?"

"கன்னத்துல. கட்டைவிரல்லயும்."

"எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு. இப்பத் தண்ணி மணிக்கட்டுப் பக்கம் வழியுது."

தண்ணீர் கன்னத்தில்தான் வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் இடது கன்னத்தைத் தொட்டார். அங்கே கன்னம் மட்டும்தான் தெரிந்தது. நெஞ்சைத் தொட்டார், நெஞ்சுதான்.

"பேய் கீய் ஏதும்..." என்றாள் ஜெயமேரி.

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. உங்களுக்குத் தோட்டம் உண்டா?"

"திராட்சை."

"பக்கத்துத் தோட்டக்காரர் எப்படி?"

"நல்லவுகதான். வருசத்துக்கு ஒரு சாண் வரப்ப இங்கிட்டுத் தள்ளுவாக."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்குச் சொல்றது எனக்கு லேசு. மூளையில உடம்பு பூராவுக்கும் துண்டு துண்டா இடம் பிரிச்சிருக்கு. முதுகுக்குச் சின்னத் துண்டு. கைக்குப் பெரிய துண்டு. கைக்கு அடுத்த தோட்டம் எதுன்னா, முகம். இவருக்குக் கை போயிருச்சு. கையோட தோட்டம் போகல. தண்ணி வராமத் தரிசாக் கெடக்கு. அப்ப முகத்துக்கு வர்ற தண்ணி வரப்பத் தாண்டி இங்கயும் பாயுது. அந்தத் தோட்டத்துக்கு என்ன தெரியும்? தனக்கு வந்தது கையில இருந்து வந்த சேதின்னுதான் அது சொல்லும். வளர்ந்த மனுசன் மூளையில இதெல்லாம் மாறாதுன்னுதான் நாங்களே படிச்சோம். மாறுதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டு இருக்கோம்."

ஞானதுரை கண்கட்டை அவிழ்க்காமலே கேட்டார்.

"அப்பப் பிள்ளை?"

டாக்டர் பஞ்சைத் தட்டில் போட்டார். "கை போறதுக்கு முந்திக் கடைசியா அதுக்கு என்ன தெரிஞ்சுதோ, அது சில பேருக்கு அப்படியே தங்கிருது. மூடின கைன்னா மூடினபடியே இருக்கும். தொறக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுது. தொறந்துட்டேன்னு பதில் சொல்லக் கை இல்ல. அதனால இன்னும் இறுக்குது. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு பெட்டி, நடுவுல ஒரு கண்ணாடி. இடது கையக் கண்ணாடி முன்னால வச்சுப் பாத்தா, வலது கை திரும்ப வந்த மாதிரி தெரியும். அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் விரிக்கணும். பொய்தான். ஆனா மூளை கண்ணை நம்பும். பல பேருக்குப் பிடி விட்டிருக்கு."

"விட்டா, உள்ள இருக்கது?"

"விட்டா வலி குறையும்."

"நான் வலியக் கேக்கல."

"தெரியாதுங்க," என்றார் டாக்டர். "இருக்கலாம். போயிரலாம். இந்த வரப்பு ஒரு இடத்துல நிக்காது. நகர்ந்துக்கிட்டேதான் இருக்கும்."

ஞானதுரை கட்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"மேரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தேனியில் இறங்கிக் கம்பம் பஸ் ஏறினார்கள். சின்னமனூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி ஜெயமேரி சொன்னாள்.

"உங்களுக்காச்சும் கைக்குள்ள இருக்கா."

"என்ன பேசுற நீ?"

"எனக்கு என்ன இருக்கு? பிரசங்கத்துல உங்க விரல அமுக்குவான்னுகூட எனக்குத் தெரியாது. குளிப்பாட்டினது இந்தக் கை. பேன் பாத்தது இந்தக் கை. சடை பின்னினது இந்தக் கை. இந்தா, ரெண்டும் முழுசா இருக்கு. ஒண்ணுலகூட அவ இல்ல."

ஞானதுரை திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையை இழுத்துத் தன் தாடிக்குள் வைத்தார்.

"தொடு."

"ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். அரைத்தாடிக்கு இதுக்கு மேல என்ன கேவலம்? தொடு. நீ தொடு, நான் சொல்றேன்."

அவள் தொட்டாள்.

"ம். சுண்டுவிரல். பிடிச்சிருக்கா. கை வேர்த்திருக்கு அவளுக்கு. எப்பவும் வேர்க்கும்ல?"

"ஆமா," என்றாள் ஜெயமேரி. "பென்சிலு நிக்காது கையில."

அன்றிலிருந்து சாயங்காலச் செபமாலை முடிந்ததும் அந்த வீட்டில் அது வழக்கமாயிற்று. அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் விரலை வைப்பாள். கன்ன எலும்பு, மீசை ஓரம், தாடை என்று மாற்றி மாற்றி வைத்து அவரை ஏமாற்றப் பார்ப்பாள். அவர் தப்பாமல் சொல்லுவார். "இன்னைக்கு ரொம்ப அமுக்குறா, பிரசங்கம் நீளம் போல" என்பார். ஜெயமேரி சிரித்துவிடுவாள். கோடைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. தனக்கு ஒரு பிள்ளை இருந்தாள் என்பதை அந்த நேரத்தில் அவள் விரல்நுனியும் ஒப்புக்கொண்டது.

ஒருநாள் அவர் அப்படிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தபோதே, அவருடைய இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்ததை ஜெயமேரி பார்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. அவள் விரலை எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நான் தொடுறப்ப வலிக்குதான்னு கேக்கேன்."

"தொடு மேரி. நிப்பாட்டாத."

"தொட்டதும் பிடி இறுகுது. அப்படித்தான?"

"இறுகுனாத்தான் அவ தெரியிறா. சும்மா இருந்தா எங்கயோ இருக்கா."

"எம்புட்டு நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். 

காலையில் வெளிச்சம் வந்ததும், திராட்சை கட்டும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேல்பக்கத்தை அறுத்தாள். சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். பெனிஷாவை அதன் முன்னால் உட்காரவைத்துத்தான் சடை பின்னுவாள். கண்ணாடியின் மூலையில் பிள்ளை ஒட்டிய சிவப்புப் பொட்டு ஒன்று அப்படியே இருந்தது. கண்ணாடியைப் பெட்டிக்குள் குறுக்கே நிறுத்தி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"டாக்டர் சொன்னது."

"ஏய், எடுத்துட்டுப் போயிரு."

"உக்காருங்க."

"நீயா சொல்ற? தெனமும் தொட்டுத் தொட்டுச் சிரிச்சியே, நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் உங்களக் குத்திக் குத்தி என் பிள்ளைய நான் பாத்திருக்கேன். அது எனக்குத் தெரியாமப் போச்சு. போதும். பிள்ளை அப்பாவ நோகவிட மாட்டா. தோட்டத்துல முள்ளு குத்துனா வாய் வச்சு ஊதுவாளே, மறந்துட்டீகளா?"

ஞானதுரை உட்கார்ந்தார். இடது கையை மூடிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். வலது தோளைப் பெட்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். கண்ணாடிக்குள் ஒரு வலது கை, மூடியபடி.

"இது என் கை இல்ல. என் கையில கொடி வெட்டுற கவாத்துக் கத்தரி பட்ட தழும்பு உண்டு."

"தழும்பு ஆறிப்போச்சுன்னு வச்சுக்குங்க. விரிங்க."

"மேரி..."

"விரிங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

அவர் இடது கையை விரித்தார். கண்ணாடிக்குள் வலது கையும் விரிந்தது. மூடினார். விரித்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. ஒன்றும் ஆகவில்லை என்றார். திரும்பச் செய்யச் சொன்னாள். வாசலில் பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனார். வெயில் பெட்டி விளிம்பைத் தொட்ட நேரத்தில் அவர் வாய் திறந்தது.

"விரியுது."

"நிசமாவா?"

"விரியுது மேரி. நகம் எடுத்துக்கிருச்சு. ஐயோ, காத்து படுது உள்ளங்கையில."

"பிள்ளை?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதார்.

"இருக்கா. உள்ளங்கையில கைய வச்சிருக்கா. பிடிக்கல, சும்மா வச்சிருக்கா."

ஜெயமேரி அந்தப் பெட்டியைத் தினமும் எடுத்து வைத்தாள். வலி விட்டு விட்டு வந்து, பிறகு வருவதை மறந்தது. அடுத்த கவாத்துக்கு அவர் இடது கையில் கத்தரி பிடித்துப் பழகிப் பந்தலுக்குள் இறங்கினார். ஒருநாள் அம்மாவாசியின் கடையில் போய் உட்கார்ந்து வலது பக்கத்தைக் காட்டினார். "அண்ணே, ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருச்சு, இனி உங்கள நான் எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?" என்றான் அம்மாவாசி. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சுகிர்தம், தான் கோயிலுக்குக் கொடுத்த நேர்ச்சையால்தான் எல்லாம் சரியானது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இல்லாத கை குட்டையாகிக்கொண்டே வருகிறது என்று அவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். "இப்ப தோளுக்குக் கீழயே விரலு முளைச்ச மாதிரி இருக்கு. பிள்ளைக் கை மாதிரி அம்புட்டுச் சிறுசு." பிறகு அதைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டார். செபமாலைக்குப் பிறகு கண்ணை மூடுவதை மட்டும் விடவில்லை. இப்போது வலி இல்லாததால் ஜெயமேரியும் பயமில்லாமல் தொட்டாள்.

மறுபடியும் கல்லறைத் திருநாள் வந்தது. பூ வைத்து, மெழுகுதிரி பொருத்தி, வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லி முடித்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மழுமழுவென்று இருந்த கன்னத்தில் ஜெயமேரி விரலை வைத்தாள்.

"எங்க இருக்கா?"

"சுண்டுவிரல்ல."

அவள் விரல் கன்ன எலும்பின் மேல் இருந்தது. கட்டைவிரலுக்கு உரிய இடம். களைப்பாக இருப்பார் என்று நினைத்து மீசை ஓரத்துக்கு மாற்றினாள்.

"இப்ப?"

"சுண்டுவிரல்தான். லேசா அமுக்குறா. இன்னைக்குச் சாமியாரு நீட்டிட்டாருல்ல."

ஜெயமேரி விரலை எடுத்தாள். எடுத்து வெகுநேரம் ஆகியும் வைக்காததால் அவர் கண்ணைத் திறந்தார்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"என்ன எப்ப இருந்து?"

"என்கிட்டப் பொய் சொல்லாதீக."

அவர் தலை குனிந்தார். தெருவில் யாரோ பெரிய குரலில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அது ஓயும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்.

"கவாத்து முடிஞ்சதுல இருந்தே. முதல்ல கட்டைவிரல் போச்சு. பெறகு ஆள்காட்டி. சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நாளு இருந்துச்சு, தொட்டா மட்டும். ஒருநாள் கண்ணாடி முன்ன நின்னு தொட்டுப் பாத்தேன். தாடை தாடையா இருந்துச்சு மேரி. வெறும் தாடை."

"அப்பத் தினமும் சொன்னது? கை வேர்த்திருக்குன்னது? அமுக்குறான்னது?"

"நீ சிரிச்ச. எனக்கு நிப்பாட்ட மனசு வரல."

ஜெயமேரி அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் அவர் கண்களை மூடினாள். மறு கையின் விரலைத் தாடை எலும்பின் ஓரத்தில், அன்று பந்தலுக்குக் கீழே அவர் காட்டிக்கொடுத்த அதே இடத்தில், மெதுவாக வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"சொல்லுங்க. எந்த விரலு?"

 அவள் இன்னொரு முறை அமுக்கினாள்.

"பொய்யாச்சும் ஒரு விரலச் சொல்லுங்க."